அகதிக் குடும்பத்தைச் சபை ஏற்கும்போது

வயலை அறுக்கும்போது ஓரத்தைத் தீர அறுக்காதே, சிந்திய கதிரைப் பொறுக்காதே, அதை எளியவனுக்கும் பரதேசிக்கும், அதாவது அந்நிய தேசத்தவனுக்கும், விட்டுவிடு என்கிறது பைபிளின் லேவியராகமம் 19. நிலத்துக்காரன் கதிரைக் கட்டிக்கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்று அங்கே இல்லை. வந்தவர் தன் கையால் பொறுக்கிக்கொள்ளலாம், யாரிடமும் கெஞ்ச வேண்டாம். மோவாபியப் பெண் ரூத் போவாசின் வயலில் பொறுக்கியதும் இந்த உரிமையில்தான். அகதிகளை ஏற்கும் கிறிஸ்தவச் சபைகள் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான். அள்ளிக் கொடுக்கத் தெரிகிறது, கொடுத்த பிறகு கையை எடுக்கத் தெரிவதில்லை.

வீட்டுச் சாவியையே எடுத்துக்கொள்ளுங்கள். இருக்கிற சாவி எல்லாவற்றையும் குடும்பத்திடம் கொடுத்துவிட வேண்டும். "அவசரத்துக்கு" என்று சபையில் ஒன்றை வைத்துக்கொண்டால், யாராவது ஒருநாள் சாப்பாட்டுப் பாத்திரத்தோடு கதவைத் திறந்துகொண்டு உள்ளே போய்விடுவார். நள்ளிரவில் கதவு உடைபட்டு ஓடிவந்தவர்களுக்கு அது எப்படி இருக்கும்? முதல் இரவுக்குப் படுக்கை, சமைக்கப் பாத்திரம், சானிட்டரி நாப்கின், குழந்தை இருந்தால் பால், ஊருக்குப் பேச சிம் கார்டு போதும். என்ன சாப்பிடுவார்கள், எதைத் தொடமாட்டார்கள் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு தூங்க விடுங்கள். வரவேற்புக் கூட்டத்தை இரண்டு வாரம் கழித்து வைத்தால் ஒன்றும் குறைந்துவிடாது.

சபை அமைக்கும் ஆறேழு பேர் கொண்ட குழுவில் வீடு, பணம், மருத்துவம், பள்ளி, அரசுக் காகிதம் என்று ஆளுக்கொரு பொறுப்பு இருக்கட்டும். பணத்தை மட்டும் இருவர் சேர்ந்து பார்க்க வேண்டும். இதெல்லாம் அன்புக்குப் பொருந்தாத அலுவலகத்தனம் என்பவர்களுக்கு ஒன்று: ஆறாம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் எழுதிய துறவற ஒழுங்கில், விருந்தினரைக் கிறிஸ்துவாகவே ஏற்கச் சொல்லும் அதே 53-ஆம் அதிகாரம், விருந்தினர் சமையலுக்கு இரண்டு சகோதரர்களை ஓராண்டுக்கு நியமிக்கச் சொல்கிறது. போதிய படுக்கை விரித்திருக்க வேண்டும் என்றும் சொல்கிறது.

மொழிபெயர்க்கப் பிள்ளைகளை நிறுத்தாதீர்கள். தாய் தன் கர்ப்பப்பை நோயைப் பத்து வயது மகன் வாயால் மருத்துவருக்குச் சொல்ல முடியாது. பாதியை மறைப்பார், சிகிச்சை தவறிப்போகும். அதே நாட்டுக்காரர் கிடைத்தார் என்று உடனே அழைத்துவரவும் கூடாது. உள்நாட்டுப் போரில் எதிர்த் தரப்பைச் சேர்ந்தவராக இருக்கலாம். குடும்பத்திடம் கேட்டுவிட்டு அழையுங்கள்.

ஆராதனையில் சாட்சி சொல்ல நிறுத்துவதும், புகைப்படத்தை இணையத்தில் போடுவதும் வேண்டவே வேண்டாம். படம் ஊரில் மாட்டிக்கொண்ட உறவினரைக் காட்டிக்கொடுக்கலாம். புகலிட மனு நிலுவையில் இருந்தால், மேடையில் சொன்ன தேதி வாக்குமூலத்தில் உள்ள தேதியோடு ஒத்துப்போகாதபோது அதையே பொய் என்பார்கள். மனு விஷயத்தில் அன்பான மூப்பரின் யோசனை உதவாது. கெடுத் தேதியைக் குறித்துக்கொண்டு முதல் வாரமே வழக்கறிஞரிடம் போங்கள்.

"அந்நியனாயிருந்தேன், என்னைச் சேர்த்துக்கொண்டீர்கள்" என்ற மத்தேயு 25 வசனத்தில், வந்தவர் என்ன மதம் என்ற கேள்வியே இல்லை. ஆலயத்துக்கு வாருங்கள் என்று ஒருமுறை அழைக்கலாம். வாடகை கொடுக்கிறவரே வாரந்தோறும் அழைத்தால் அது கட்டாயம்தான். "நம்ம ஏழைகளைப் பார்க்காமல் இவர்களா?" என்ற முணுமுணுப்பும் வரும். லேவியராகமக் கட்டளை எளியவனையும் பரதேசியையும் ஒரே வயலில்தான் நிறுத்துகிறது, ஆகவே உள்ளூர் ஏழைகளின் தேவை, அகதிகளின் தேவை என்ற இரண்டு பட்டியலும் ஒரே கூட்டத்தில் வாசிக்கப்படட்டும்.

கனடாவில் 1979 முதல் சபைகள் அரசோடு ஒப்பந்தம் செய்து அகதிகளை ஏற்கின்றன. அங்கே பொறுப்பு வழக்கமாகப் பன்னிரண்டு மாதம். எங்கேயானாலும் ஒரு முடிவுத் தேதியை முதலிலேயே குடும்பத்திடம் சொல்லிவிடுவது நல்லது. மாதப் பணத்தை மொத்தமாக அவர்கள் கையில் கொடுங்கள், ரசீது கேட்காதீர்கள். பத்தாம் மாதத்தில் வங்கிக்கும் மருத்துவமனைக்கும் அவர்களே போய்வர வேண்டும்.

சில குடும்பங்கள் அதற்கு முன்பே, உறவினர் இருக்கும் வேறு ஊருக்குக் கிளம்பிவிடும். இத்தனை செய்தும் போகிறார்களே என்று சபைக்கு வருத்தம் வருவது இயல்பு. அதை அவர்களிடம் காட்டாமல், தடுப்பூசி அட்டை, பள்ளி மாற்றுச் சான்றிதழ், வழக்குக் கோப்பு மூன்றையும் ஒரே உறையில் போட்டுக் கொடுங்கள். முகவரி மாறியதைப் புகலிட அலுவலகத்துக்கு அன்றே தெரிவிக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் விசாரணைக் கடிதம் பூட்டிய வீட்டுக்கு வந்து கிடக்கும்.