தீர்வுப் பொதியில் காணிப் பந்தியை முதலில் படியுங்கள்

இலங்கையில் அரசியல் தீர்வு என்று யார் வாயைத் திறந்தாலும் ஐந்து நிமிடத்துக்குள் பேச்சு சமஷ்டியா (கூட்டாட்சியா) ஒற்றையாட்சியா என்ற இடத்தில் போய்க் குந்திவிடும். அதற்கு மேல் நகராது. சமஷ்டி வந்தால் நாடு பிரிந்துவிடும் என்று சிங்கள நண்பர்கள் சொல்வார்கள், ஒற்றையாட்சிக்குள் ஒன்றும் கிடைக்காது என்று எங்கள் ஆட்கள் சொல்வார்கள், இரண்டு பக்கமும் மனப்பாடம். நான் கொஞ்சக் காலமாக இந்த ஆவணங்களை வேறு மாதிரிப் படிக்கிறேன். எந்த ஒப்பந்தம் கையில் கிடைத்தாலும் முன்னுரையைத் தாண்டி நேரே காணிப் பந்திக்குப் போய்விடுவேன். அரச காணியை யார் யாருக்குக் கொடுப்பது, கடைசிக் கையெழுத்து யாருடையது என்று எழுதியிருக்கும் பந்தி. அதைப் படித்துவிட்டால் மற்றப் பக்கங்களில் என்ன இருக்கும் என்று அனேகமாக ஊகித்துவிடலாம்.

இந்தத் தீவின் நிலத்தில் ஏறத்தாழ 80 வீதம் அரசுக்குச் சொந்தம். யாழ்ப்பாணக் குடாநாட்டில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இது அவ்வளவாக உறைக்காது, அங்கே பெரும்பாலும் உறுதிக் காணி, அதாவது பத்திரத்தோடு உள்ள தனியார் காணி, ஒரு முழ வேலிக்கும் கோர்ட் ஏறுவார்கள். ஆனையிறவைத் தாண்டினால் கதை வேறு. வன்னியில் பெர்மிட் காணிதான் பேச்சு, அரசு அனுமதிப்பத்திரம் கொடுத்து இருக்கவிடும் அரச காணி.

என் பெரியம்மாவிடம் அப்படி ஒரு பெர்மிட் இருக்கிறது, கிளிநொச்சிப் பக்கம், 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்தது. ஒவ்வொரு இடப்பெயர்வுக்கும் பொலித்தீன் பையில் சுற்றி நெஞ்சோடு கொண்டு திரிந்ததில் மடிப்புகள் எல்லாம் கிழிந்து பின்பக்கம் டேப் ஒட்டியிருக்கிறது. துண்டு இலக்கம், எல்லைகள், அனுமதி பெற்றவர் பெயர், அவருக்குப் பிறகு யார் என்று எழுத ஒரு கோடு. எத்தனை பிள்ளைகள் இருந்தாலும் அந்தக் கோட்டில் ஒரு பெயர்தான். பெயர் எழுதாமல் செத்துப்போனால் சட்டத்தின் அட்டவணைப்படி ஆண்பிள்ளைக்கே முதலிடம் என்றுதான் நெடுங்காலம் இருந்தது. இந்தப் பெர்மிட் ஒருநாள் 'அளிப்பு' ஆக, அதாவது காணியை உரிமையாகத் தரும் பத்திரமாக, மாறினால் அது ஜனாதிபதியின் கையொப்பத்தோடு வரும். பெரியம்மா அரசியல் கதைக்கிற ஆள் இல்லை, ஆனால் பக்கத்து வீட்டுக்காரரின் அளிப்பைப் பார்த்துவிட்டு வந்து என்னிடம் கேட்டார், "எங்கட வயலுக்கு ஜனாதிபதி ஏன் பிள்ளை கையெழுத்து வைக்கோணும்?" என்று. எழுபது வருடப் பேச்சுவார்த்தை வரலாற்றை இந்தக் கேள்வியை வைத்தே சொல்லிவிடலாம் போல இருந்தது எனக்கு.

1957 ஜூலை 26இல் பிரதமர் பண்டாரநாயக்கவுக்கும் தமிழரசுக் கட்சித் தலைவர் செல்வநாயகத்துக்கும் இடையே கைச்சாத்தான பண்டா–செல்வா ஒப்பந்தத்தை எடுங்கள். பள்ளிக்கூடத்தில் நாங்கள் படித்தது மொழியும் பிராந்திய சபையும் மட்டும்தான். உள்ளே காணிப் பந்தி மிகத் தெளிவு: குடியேற்றத் திட்டங்களில் யாருக்குக் காணி கொடுப்பது என்று தெரிவு செய்யும் அதிகாரம் பிராந்திய சபைக்கு, அந்தத் திட்டங்களில் வேலைக்கு ஆட்களை எடுப்பதும் அதனிடமே. உடனே அடுத்த வரியில், கல்லோயா அபிவிருத்திச் சபையின் கீழ் இருக்கும் பிரதேசம் பற்றிப் பிறகு யோசிக்க வேண்டியிருக்கிறது என்று ஒரு வால். கல்லோயா என்றால் கிழக்கின் மிகப்பெரிய குடியேற்றத் திட்டம், அதற்கு முந்தின வருடம்தான் அங்கே தமிழர்களை அடித்துக் கொன்றிருந்தார்கள். எரிந்த இடத்தை விட்டுவிட்டு மிச்சத்துக்கு உடன்பாடு. ஆனாலும் சொல்கிறேன், பிறகு வந்த எந்த ஆவணத்திலும் இவ்வளவு நேரடியான காணி வாசகத்தை அரசாங்கம் ஒப்புக்கொண்டு கையெழுத்து வைத்ததில்லை.

அது எப்படிப் போனது என்பது தெரிந்த கதை. எதிர்க்கட்சியாக இருந்த ஐக்கிய தேசியக் கட்சியின் ஜே. ஆர். ஜயவர்தன அந்த அக்டோபரில் ஒப்பந்தத்துக்கு எதிராகக் கண்டிக்கு நடைபயணம் கிளம்பினார், இம்புல்கொடவில் மறித்துத் திருப்பி அனுப்பினார்கள். 1958 ஏப்ரல் 9இல் கொழும்பில் பிரதமரின் றோஸ்மீட் பிளேஸ் வீட்டு வாசலில் பிக்குகள் வந்து உட்கார, பண்டாரநாயக்க ஒப்பந்தத்தைக் கைவிடுவதாக எழுதியே கொடுத்தார். மே மாதம் கலவரம். நடந்து போன அதே ஜே. ஆர். முப்பது வருடம் கழித்து ராஜீவ் காந்தியோடு உட்கார்ந்து இன்னொரு ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்தார், அப்போது எதிர்த்து வீதியில் நின்றது பண்டாரநாயக்கவின் கட்சி. 2000ஆம் ஆண்டில் பண்டாரநாயக்கவின் மகள், ஜனாதிபதி சந்திரிகா, புதிய அரசியலமைப்பு வரைவைக் கொண்டுவந்தபோது ஐ.தே.க.காரர்கள் பாராளுமன்றத்துக்குள்ளேயே பிரதிகளைக் கொளுத்தினார்கள், 2003இல் ஐ.தே.க. பிரதமர் ரணில் புலிகளோடு பேச்சு முயற்சியில் இருந்தபோது சந்திரிகா மூன்று அமைச்சுகளைப் பறித்தார். ஆட்சியில் இருப்பவர் தமிழரோடு பேசுவார், எதிரில் இருப்பவர் குழப்புவார், பிறகு இடம் மாறி நிற்பார்கள். இது தெரிந்தே, எதிர்க்கட்சியின் கையெழுத்தையும் வாங்கித் தா என்று எங்கள் தலைவர்கள் அழுத்தமாகக் கேட்காதது ஏன் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

சரி, காணிக்கு வருவோம். 1965 மார்ச் 24, ஐ.தே.க. தலைவர் டட்லி சேனநாயக்கவோடு செய்த டட்லி–செல்வா ஒப்பந்தம். பிராந்திய சபை சுருங்கி மாவட்ட சபை ஆகிவிட்டது. காணிப் பந்தியும் அப்படியே. யார் தெரிவு செய்வது என்ற பேச்சு போய், எந்த ஒழுங்கில் கொடுப்பது என்ற பட்டியல் வந்தது: முதலில் அந்த மாவட்டத்தின் காணியற்றவர்கள், பிறகு வடகிழக்கில் வசிக்கும் தமிழ் பேசும் மக்கள், அதற்குப் பிறகு நாட்டின் ஏனைய பிரசைகள், அவர்களிலும் தமிழருக்கு முன்னுரிமை. பட்டியல் நல்லதுதான். ஆனால் அதைக் கையில் வைத்திருக்கப் போகிறவர் கொழும்பு அதிகாரி. மாவட்ட சபைச் சட்டமூலத்தை 1968இல் டட்லியே கைவிட்டார். அதே வருடம் தமிழரசுக் கட்சியின் சார்பில் அமைச்சராக இருந்த மு. திருச்செல்வம் பதவி விலகினார். உடனடிக் காரணம் என்னவென்று பார்த்தால் அதுவும் ஒரு காணித் துண்டு: திருகோணமலையில் கோணேசர் கோவில் சுற்றாடலைப் புனிதப் பிரதேசமாக அறிவிக்க அவர் ஒரு குழுவை நியமிக்க, பிரதமர் அதைத் தடுத்துவிட்டார். (அவருடைய மகன் நீலன் திருச்செல்வம்தான் தொண்ணூறுகளில் சந்திரிகாவின் தீர்வுப் பொதியை ஜீ. எல். பீரிஸோடு சேர்ந்து வரைந்தவர். அவரை 1999 ஜூலை 29இல் புலிகளின் தற்கொலைக் குண்டுதாரி கொழும்பில் கொன்றார். வரைவு எழுதத் தெரிந்தவர்களை நாங்களே கொன்றுவிட்டு வரைவு சரியில்லை என்று குறை சொல்லவும் கூடாது, அதையும் சொல்லிவிடத்தான் வேண்டும்.)

1987க்கு வந்தால், ராஜீவ்–ஜே. ஆர். ஒப்பந்தத்தைத் தொடர்ந்து மாகாண சபைகளை உருவாக்கிய, அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தம். காணி மாகாண சபைக்கு என்று எல்லா மேடையிலும் சொல்கிறார்களே, அந்தப் பின்னிணைப்பை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். முதல் வசனமே அரச காணி தொடர்ந்து குடியரசுக்கு உரியது என்கிறது. அதற்கு உட்பட்டுக் காணி ஒரு மாகாண சபை விடயம். மாகாணத்துக்குள் அரச காணியைக் கொடுப்பது மாகாண சபையின் ஆலோசனையின் பேரில் ஜனாதிபதி. ஒன்றுக்கு மேற்பட்ட மாகாணங்களைத் தொடும் நீர்ப்பாசன, காணி அபிவிருத்தித் திட்டங்கள் மத்திய அரசின் பொறுப்பு. இந்தக் கடைசி வரிக்குள்தான் மகாவலி ஆற்றுத் திட்டம் முழுவதும் படுத்திருக்கிறது. 1979ஆம் ஆண்டு மகாவலி அதிகார சபைச் சட்டத்தின் கீழ் ஒரு பிரதேசத்தைச் சிறப்புப் பிரதேசம் என்று வர்த்தமானியில் (அரசிதழில்) அறிவித்துவிட்டால் அங்கே காணி, குடியேற்றம் எல்லாம் அந்தச் சபையின் கையில். வடக்கின் முல்லைத்தீவையும் கிழக்கின் திருகோணமலையையும் இணைக்கும் மணலாறு இப்படித்தான் மகாவலி எல் வலயத்துக்குள் போய், சிங்களத்தில் வெலிஓயா ஆனது. வடக்கு கிழக்கு இணைப்பை ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிவிட்டு, இரண்டும் ஒட்டியிருக்கும் இடத்தை இன்னொரு சட்டத்துக்கு விட்டுவிட்டோம். காகிதத்தில் இருந்த இணைப்பையும் தெற்கின் இடதுசாரிக் கட்சியான ஜே.வி.பி. போட்ட வழக்கில் 2006இல் உயர் நீதிமன்றம் செல்லாது என்றது, அது வேறு.

அதே பின்னிணைப்பில் தேசிய காணி ஆணைக்குழு ஒன்று வரும், மாகாணங்களின் பிரதிநிதிகளும் அதில் இருப்பார்கள், காணிக் கொள்கையை அதுதான் வகுக்கும் என்றும் எழுதியிருக்கிறது. அந்த ஆணைக்குழு ஒழுங்காக நியமிக்கப்பட்டு ஒரு நாளாவது வேலை செய்ததில்லை. 2013 செப்டம்பர் 21இல் வட மாகாண சபைக்கு முதல் தேர்தல் நடந்தது, தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு 38 ஆசனங்களில் 30 எடுத்தது, ஊரெல்லாம் வெடி கொளுத்தினோம். ஐந்தே நாள் கழித்து, மலையகத் தோட்டக் காணி ஒன்று பற்றிய வழக்கில் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: அரச காணி குடியரசினுடையது, மத்திய அரசு கையளித்தால்தான் மாகாண சபைக்கு அதன்மேல் அதிகாரம். வெடிச் சத்தத்தில் அது ஒருவர் காதிலும் விழவில்லை. சபை 2018இல் காலாவதியாகும்வரை முதலமைச்சரும் ஆளுநரும் இழுபட்டதுதான் செய்தியாக வந்தது, காணியில் ஓர் அங்குலமும் அசையவில்லை.

நோர்வேயின் அனுசரணையில் அரசாங்கத்துக்கும் புலிகளுக்கும் நடந்த பேச்சையும் இந்தக் கண்ணோடு பார்த்தால் வேறு மாதிரித் தெரிகிறது. 2002 டிசம்பர் ஒஸ்லோ என்றால் எல்லோருக்கும் ஞாபகம் வருவது சமஷ்டிக் கட்டமைப்பை ஆராய்வோம் என்ற அறிக்கை. அதே டிசம்பரில் தரையில் முறுகிக்கொண்டிருந்தது, படையினர் பிடித்து வைத்திருந்த வலிகாமம் வடக்கு உயர் பாதுகாப்பு வலயம். சனம் தங்கள் வீட்டுக்குப் போக வேண்டும், புலிகள் முதலில் ஆயுதத்தைக் கீழே வைத்தால்தான் விடலாம் என்று யாழ்ப்பாணத்துப் படைத்தளபதி நிலைப்பாடு எடுக்க, இயல்புநிலைக்கான உபகுழுவிலிருந்து புலிகள் வெளியேறினார்கள். 2003 ஏப்ரலில் பேச்சே நின்றது. வேறு காரணங்களும் இருந்தன, மறுக்கவில்லை. ஆனால் மேலே உச்சமான கோட்பாட்டில் உடன்பட்ட ஆட்களால் கீழே பலாலியைச் சுற்றி இருந்த தோட்டக் காணிகளில் உடன்பட முடியவில்லை.

அந்த அக்டோபரில் புலிகள் வைத்த இடைக்காலத் தன்னாட்சி அதிகார சபைத் திட்டம் மற்றக் கரைக்குத் தாவியது. தனியாருக்குச் சொந்தமில்லாத காணி முழுவதும் அந்தச் சபையின் கையில். கொழும்பிடமிருந்து பிடுங்குவது ஒருபக்கம் இருக்கட்டும், இதை ஒரு மன்னார் முஸ்லிமின் இடத்திலிருந்து படித்துப் பாருங்கள். 1990 அக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றிய அதே இயக்கம் இப்போது காணி அதிகாரம் தனக்கு வேண்டும் என்கிறது. 2002இல் முஸ்லிம் காங்கிரஸ் தலைவர் ரவூப் ஹக்கீம் கிளிநொச்சிக்குப் போய் பிரபாகரனோடு பேசியபோது பேசப்பட்டவற்றில் கிழக்கில் முஸ்லிம்கள் தங்கள் வயல்களுக்குத் திரும்பிப் போய்ச் செய்கை பண்ணுவதும் ஒன்று. அவர்களுக்கும் அரசியல் தீர்வு என்றால் வயல்தான். ஆனால் மேசையில் அவர்களுக்கென்று தனிக் கதிரை போடவில்லை, ஹக்கீம் அரசாங்கத் தரப்பில்தான் உட்கார்ந்தார். கொழும்பு எங்களுக்குச் செய்ததை நாங்கள் அவர்களுக்குச் செய்யமாட்டோம் என்று அவர்கள் நம்புவதற்கு எந்த ஆவணத்திலும் ஒழுங்கான ஒரு பந்தி கிடையாது. இதைச் சொன்னால் எங்கள் ஆட்களுக்குக் கோபம் வரும், வரட்டும்.

பழங்கதை என்று நினைப்பவர்களுக்கு 2025ஐ ஞாபகப்படுத்துகிறேன். மார்ச் 28இல் வந்த வர்த்தமானியில் வடக்கில் கிட்டத்தட்ட 5,900 ஏக்கர் காணிக்கு மூன்று மாதத்துக்குள் உரிமை கோராவிட்டால் அரச காணியாக்கப்படும் என்றார்கள். உறுதி எரிந்தவர், உறுதியோடு கடலில் போனவர், கனடாவில் இருப்பவர் எல்லோருக்கும் மூன்று மாதம். எதிர்ப்பும் வழக்கும் வந்த பிறகு மீளப் பெற்றார்கள். இந்தத் தேசிய மக்கள் சக்தி அரசாங்கத்துக்கு யாழ்ப்பாணமே 2024இல் வாக்களித்து மூன்று ஆசனம் கொடுத்திருந்தது. கெட்ட எண்ணம் இருந்தது என்று நான் சொல்லவரவில்லை. ஒரு மாகாண சபை உயிரோடு இருந்து காணி அதிகாரமும் அதனிடம் இருந்திருந்தால், இந்த வர்த்தமானி அச்சுக்குப் போவதற்கு முன்னமே யாழ்ப்பாணத்தில் ஒரு மேசையைத் தாண்டியிருக்க வேண்டும், அந்த மேசையில் யாராவது இடம்பெயர்ந்தவர்களின் கணக்கைக் கேட்டிருப்பார்கள்.

மாகாண சபைத் தேர்தல் எப்போது வைப்பார்கள் என்று தெரியாது, வைத்தால் வாக்குப் போடுவேன். வீட்டுக்கு வருகிற வேட்பாளரிடம் சமஷ்டி பற்றிக் கேட்கப் போவதில்லை, அதற்கு எல்லோரிடமும் பதில் தயாராக இருக்கும். தேசிய காணி ஆணைக்குழுவை நியமிக்கச் சொல்லி யாரிடம், எந்தத் திகதிக்குள் கேட்பீர்கள், மகாவலி எல் வலயம் பற்றி என்ன செய்வதாக உத்தேசம், மன்னாரின் முசலியிலிருந்து துரத்தப்பட்ட முஸ்லிம் குடும்பத்துக்கும் வட்டக்கச்சியில் பெர்மிட் வைத்திருக்கிற என் பெரியம்மாவுக்கும் அளிப்பில் யாருடைய கையெழுத்து வரும். இந்த மூன்றும்தான் கேட்பேன்.