அதிர்ஷ்டக் குருவியும் நம்ம சிட்டுக்குருவியும்

இங்க அமெரிக்காவுல மிசௌரில நிறைய கிஃப்ட் ஷாப்ல கல்லா பக்கத்துல கண்ணாடில செஞ்ச குட்டி நீலக்குருவிங்கள அடுக்கி வச்சிருப்பாங்க. புது வீடு போறவங்க, ஆஸ்பத்திரில படுத்திருக்கறவங்க, புள்ள பெத்தவங்கன்னு யாருக்கு வேணா வாங்கிக் குடுக்கலாம், குடுத்தா சந்தோஷம் வரும்னு ஐதீகம். அதான் ப்ளூபேர்டு. 1927லேருந்து மிசௌரியோட மாநிலப் பறவையே அதுதான், நியூயார்க்குக்கும் அதே, ஐடஹோவுக்கும் நெவாடாவுக்கும் மலைப்பக்கம் இருக்கற அதோட பங்காளி. மொத்தமே மூணு வகை, மூணும் அமெரிக்கக் கண்டத்த தாண்டி எங்கயும் கிடையாது.

ஆனா இந்த நீலப்பறவைன்னா சந்தோஷம்ங்கறத உலகம் முழுக்க ஓட விட்டது ஒரு பெல்ஜியம் எழுத்தாளர், மாட்டர்லிங்க்னு பேரு. அவரோட நாடகத்துல ஒரு அண்ணனும் தங்கச்சியும் சந்தோஷத்தோட நீலப்பறவையத் தேடி ஊரெல்லாம் உலகமெல்லாம் அலையறாங்க, கடைசில பாத்தா வீட்டுக் கூண்டுல இருந்த புறாவே நீலமா தெரியுது, சரி கிடைச்சுதேன்னு பாத்தா அதுவும் பறந்து போயிடுது. அவ்ளோதான் கதை. 1908ல மாஸ்கோல ஸ்டானிஸ்லாவ்ஸ்கிங்கற ரஷ்ய நாடக இயக்குநர் மேடையேத்தி பயங்கர ஹிட்டு, 1911ல மாட்டர்லிங்க்குக்கு நோபல் பரிசும் வந்துச்சு. அந்தக் கதைல வர்றது இந்த ஊர் ப்ளூபேர்டே இல்ல, இருக்கவும் முடியாது, ஐரோப்பால இந்தப் பறவை கிடையாதே. அமெரிக்காக்காரங்க பாத்தாங்க, நம்மகிட்ட தான் நிஜமாவே ஒரு நீலக்குருவி இருக்கே, பட்டத்த இதுக்கே கட்டிடுவோம்னு கட்டிட்டாங்க.

கட்டினதுல தப்பும் இல்ல, அந்த நீலத்த கிட்டக்க பாத்தா யாருக்கும் அப்படித்தான் தோணும். ஆண் குருவி வேலிக் கம்பி மேல உக்காந்திருக்கும், முதுகு முழுக்க நீலம், நெஞ்சு செங்கல் கலரு, வயிறு வெள்ளை. அங்கேருந்தே கீழ புல்லுல ஒரு வெட்டுக்கிளி அசையறத பாத்துட்டு பொத்துன்னு இறங்கி கவ்விக்கிட்டு அதே கம்பிக்கு திரும்பி வந்து உக்காரும். வெயில் சரியா முதுகுல விழுந்தா கண்ணு கூசற மாதிரி நீலம், அதுவே வெயிலுக்கு எதிர்ல போய் உக்காந்துச்சுன்னா மங்கலா சாம்பலடிச்சாப்ல தெரியும். ஏன்னா அந்த இறகுல நீலச் சாயம்னு ஒண்ணு கிடையவே கிடையாது, இறகோட உள்ள கெரட்டின்ங்கற புரதத்துல கண்ணுக்குத் தெரியாத காத்து ஓட்டைங்க நிறைய இருக்கு, வெளிச்சம் அதுல பட்டு சிதறி நீலம் மட்டும் நம்ம பக்கம் வருது. நெஞ்சுல இருக்கற செங்கல் கலரு மட்டும் நிஜச் சாயம். கீழ விழுந்து கிடக்கற இறக எடுத்து வீட்ல வச்சுக்கலாமான்னா அதுவும் முடியாது, இங்க சட்டப்படி தப்பு.

இவ்வளவு ராசியான பறவைக்கு ராசி எப்படி இருந்துச்சுன்னா, ரொம்ப மோசம். இதால மரத்தக் குடைய முடியாது, மரங்கொத்தி குடைஞ்சு விட்டுட்டுப் போன பொந்து, பட்டுப்போன மரம், உளுத்த வேலிக்கால் இந்த மாதிரி எடத்துலதான் முட்டை போடும். 1850கள்ல புரூக்ளின்ல ஐரோப்பாலேருந்து சிட்டுக்குருவிய கொண்டுவந்து விட்டாங்க, மரத்துப் புழுவ தின்னும்னு. 1890ல இன்னொருத்தர் சென்ட்ரல் பார்க்ல ஒரு அறுபது ஸ்டார்லிங்க பறக்க விட்டாரு, ஸ்டார்லிங்னா நம்ம மைனாவோட சொந்தக்காரன், சண்டைனு வந்தா கேக்கவே வேணாம். ரெண்டுக்கும் அதே பொந்துதான் வேணும். அப்புறம் பட்ட மரத்தையெல்லாம் வெட்டிட்டாங்க, மரவேலிக்காலுக்கு பதில் இரும்பு வந்துருச்சு, பூச்சி மருந்து வேற. 1970கள்ல ஊருக்கு ஊர் ப்ளூபேர்ட காணோம்.

திருப்பிக் கொண்டுவந்தது பொந்து மாதிரி ஓட்டை வச்ச மரப்பெட்டி. மிசிசிப்பி ஆத்துக்கு அந்தப் பக்கம் இலினாய்ல குவின்சினு ஒரு ஊரு, அங்க மஸல்மன்னு ஒருத்தர் 1934லயே ரோட்டோரமா வரிசையா பெட்டி மாட்ட ஆரம்பிச்சிட்டாரு. அப்புறம் 1978ல லாரன்ஸ் ஜெலனி வட அமெரிக்க ப்ளூபேர்டு சங்கத்த ஆரம்பிச்சாரு, அதுக்கப்புறம் ஆயிரக்கணக்கான பேரு சொந்தக் காசுல பலகை வாங்கி அறுத்து அடிச்சு வயலோரம், கோல்ஃப் மைதானம், கல்லறைத் தோட்டம்னு மாட்டி எண்ணிக்கைய ஏத்திட்டாங்க. சூட்சுமம் அந்த ஓட்டைலதான் இருக்கு, குறுக்களவு ஒன்றரை இன்ச். ஸ்டார்லிங் நுழைய முடியாது, ப்ளூபேர்டு நுழையும்.

ஆனா சிட்டுக்குருவியும் நுழையும். இங்கதான் எனக்கு வயித்தக் கலக்குது.

நம்ம ஊர்ல சிட்டுக்குருவின்னா என்ன? வீட்டுக்குள்ள போட்டோ பின்னாடி கூடு கட்டினா குடும்பத்துக்கு நல்லதுன்னு ஃபேன கூட போடாம வேர்வைல உக்காந்திருப்போம். மார்ச் 20 உலகச் சிட்டுக்குருவி தினம் வந்தா ஆளாளுக்கு ஸ்டேட்டஸ் வைக்கிறோம், குருவி எங்கே போச்சுன்னு. அதே குருவி இங்க ப்ளூபேர்டு பெட்டிக்குள்ள போயி முட்டைல ஓட்டை போடும், குஞ்ச கொல்லும், சில சமயம் அடைகாக்கற தாயையே மண்டைல கொத்திக் கொன்னுட்டு அந்த ஒடம்பு மேலயே வைக்கோல், குப்பை, கோழி இறகு எல்லாத்தையும் திணிச்சு தன் கூட்ட கட்டிக்கும். நான் எங்க வீட்டுப் பெட்டிக் கதவத் திறந்து அப்படி ஒண்ண பாத்திருக்கேன், விவரிக்க வேணாம். வெளியேருந்து வந்ததுங்கறதால சட்டமே சிட்டுக்குருவிக்கும் ஸ்டார்லிங்குக்கும் பாதுகாப்பு குடுக்கல, கூட்டக் கலைக்கலாம், முட்டைய எடுக்கலாம், புடிக்கலாம். ப்ளூபேர்டு முட்டைய தொட்டா குத்தம்.

எங்களுக்குப் பெட்டி வைக்கச் சொல்லிக் குடுத்த பக்கத்து வீட்டு தாத்தா பெட்டிக்குள்ளயே பொறி வச்சு சிட்டுக்குருவி புடிப்பாரு. புடிச்சு என்ன பண்ணுவாருன்னு நான் கேட்டதில்ல, அவரும் சொன்னதில்ல. நான் அந்த அளவுக்குப் போகல, கூடு கட்டக் கட்ட எடுத்துப் போடறேன், அது திரும்பக் கட்டுது, நான் திரும்ப எடுக்கறேன். இத ஃபோன்ல அம்மாகிட்ட சொல்லிட்டேன். "குருவிக் கூட்டக் கலைக்கறியா? பாவம்டி, ஆகாதுடி அது"ன்னு ஆரம்பிச்சவங்க நிறுத்தவே இல்ல. இங்க அது வெளியூர்க்காரன்மா, கொண்டுவந்து விட்டதும்மான்னு சொன்னா "நீயும்தான் வெளியூர்க்காரி"ன்னாங்க. அதுக்கு என்னத்த பதில் சொல்றது. ஆனாலும் ப்ளூபேர்டோட அஞ்சு நீல முட்டையும் அதுமேல தாயும் உக்காந்திருக்கறத பாத்துட்டு சிட்டுக்குருவிக் கூட்டக் கலைக்காம இருக்க என்னால முடியல, பாவம் எந்தப் பக்கம் போட்டாலும் வரத்தான் போகுது.

மிசௌரி பக்கம் யாராவது பெட்டி வைக்கிறதா இருந்தா பிப்ரவரி கடைசிக்குள்ள வச்சிடுங்க, ஆண் ப்ளூபேர்டு அப்பவே எடம் பாக்க ஆரம்பிச்சிடும். திறந்த புல்வெளிய பாத்தாப்ல அஞ்சடி ஒசரத்துல, மரத்துல மாட்டாம வழவழன்னு இரும்புக் கம்பத்துல வைங்க, கீழ ஒரு தகரத் தடுப்பும் போடுங்க, இல்லன்னா பாம்பும் ரக்கூனும் ஏறிடும். கடைல ஓட்டைக்குக் கீழ உக்கார குச்சி வச்சு அழகா பெயிண்ட் அடிச்சு விக்கிறான் பாருங்க, அத மட்டும் வாங்காதீங்க. ப்ளூபேர்டுக்கு அந்தக் குச்சி தேவையே இல்ல, நம்ம சிட்டுக்குருவிக்குத்தான் அது சவுகரியம். குஞ்சு பொரிச்சு பன்னெண்டு நாளுக்கு மேல கதவத் திறக்காதீங்க, பயந்து பறக்கத் தெரியாமயே வெளிய குதிச்சிடும். சிட்டுக்குருவிக் கூட்டக் கலைக்க மனசு வராதவங்க பெட்டி வைக்காம இருக்கறதே மேல், சும்மா மாட்டிட்டு விட்டா சிட்டுக்குருவிக்குத்தான் வீடு கட்டிக் குடுத்த மாதிரி ஆகும். அப்படி குடுத்தா எங்கம்மாவுக்கு சந்தோஷம்.