வளையத்துக்குள் ஓவியங்கள்: ஒரு சர்க்கஸ் குடும்பத்தின் வீட்டில் கண்காட்சி அமைத்த அனுபவம்

பயணப் பருவம் முடிந்து கூடாரத்தை மடித்து வைத்த பிறகு சர்க்கஸ் குடும்பங்கள் தங்குவதற்கென்று ஓர் இருப்பிடம் இருப்பதுண்டு. வீடும், வண்டிகள் நிற்கும் முற்றமும், பயிற்சிக் கொட்டகையும் சேர்ந்த அப்படியோர் இடத்தில், அக்குடும்பத்தோடு பயணம் செய்து அவர்களை வரைந்த ஓவியர் ஒருவரின் படங்களைக் காட்சிக்கு வைக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. அனுமதி எளிதில் கிடைத்தது. காலைப் பயிற்சி ஒரு நாளும் தடைபடக் கூடாது என்ற ஒரே நிபந்தனைதான் மற்ற எல்லாவற்றையும் தீர்மானித்தது.

கொட்டகையின் சுவர்கள் வெறும் தகரம் என்பதால், மேலே ஓடும் இரும்புக் குழாய்களிலிருந்து கம்பிவடத்தில் படங்களைத் தொங்கவிடலாம் என்றேன். ஊஞ்சல் கட்டும் பொறுப்பிலிருந்த பெரியவர் உடனே மறுத்தார். "மனுஷன் தொங்குற கொக்கியில வேற எதுவும் தொங்கக் கூடாது, தம்பி" என்றவர், அந்தக் குழாய்களைத் தொடாமல், வித்தை நடக்கும் வட்டக் களமான வளையத்தைச் சுற்றித் தனிக் கம்பங்கள் நட்டுக் கொடுத்தார். ஒவ்வொரு படத்துக்கும் இரண்டு வடங்கள் போட்டு, காற்றில் திரும்பாதிருக்க அடிப்பக்கத்தையும் கம்பத்தோடு இழுத்துக் கட்டியதும் அவர்தான். எந்தக் காட்சிக்கூடத்திலும் இவ்வளவு கவனமான முடிச்சுகளை நான் பார்த்ததில்லை.

சர்க்கஸ் வளையத்தின் விட்டம் ஏறத்தாழ 13 மீட்டர். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் லண்டனில் குதிரை வித்தை காட்டிய பிலிப் ஆஸ்ட்லியின் காலம் தொட்டு, ஓடும் குதிரையின் முதுகில் நிற்பவருக்கு வாகான அளவாக அது நிலைத்துவிட்டது. படங்களை அதன் விளிம்பில் உள்நோக்கி மாட்டியதால், வந்தவர்கள் வித்தைக்காரர்கள் நிற்கும் இடத்தில் நின்று பார்க்க வேண்டியதாயிற்று.

பெரிய தொல்லை தூசிதான். பிடி வழுக்காமலிருக்க ஊஞ்சல் கலைஞர்கள் கையில் தேய்க்கும் மெக்னீசியம் கார்பனேட் தூள் மாவைவிட மெல்லியது. கைதட்டினால் மேகமாக எழும். அக்ரிலிக் வண்ணப்பரப்பு காய்ந்த பின்னும் சற்று மென்மையாகவே இருப்பதால் தூசி அதில் ஒட்டிக்கொள்ளும், துடைப்பதும் கடினம். ஆகவே அக்ரிலிக் படங்களை ஊஞ்சலுக்கு எதிர்க்கோடியில் வைத்து, பயிற்சி நேரத்தில் துணியால் மூடினோம். வார்னிஷ் பூசிய எண்ணெய் ஓவியங்கள் அருகில் நின்றன. நீர்வண்ணங்களுக்கு 50 லக்ஸுக்கு மேல் வெளிச்சம் ஆகாது என்பதால், கொட்டகையின் கூரை வெளிச்சத்துக்குத் தப்பி அவை வீட்டின் நடைக்கூடத்துக்குப் போயின.

பிரெஞ்சு ஓவியர் டெகா 1879இல் வரைந்த, கயிற்றைப் பல்லால் கடித்துத் தொங்கும் மிஸ் லாலாவின் படம், கீழிருந்து அண்ணாந்து பார்த்த காட்சி. பிக்காசோவின் 1905ஆம் ஆண்டு ஓவியமான 'வித்தைக்காரர் குடும்ப'த்திலோ வித்தையே இல்லை. எங்கள் ஓவியர் இரண்டாமவர் பக்கம்: உடை தைப்பவர்கள், உறங்குபவர்கள், வலிக்கும் கால்கள். குடும்பத்துக்குள் பேச்சு எழுந்ததும் அங்கேதான். கணுக்காலில் கட்டுடன் அமர்ந்திருக்கும் தன் படத்தை வைக்க வேண்டாம் என்று இளம் கலைஞர் ஒருவர் கேட்டார். அடுத்த பருவத்துக்கு ஒப்பந்தம் பேச வருபவர் அதைப் பார்த்தால் என்ன நினைப்பார் என்பது அவர் கவலை. கண்காட்சியின் ஆகச்சிறந்த படம் அதுதான் என்று இன்றும் நினைக்கிறேன். ஆனாலும் அதை மாட்டவில்லை. வரையப்பட்டவர்கள் ஒவ்வொருவரிடமும் படத்தைக் காட்டிச் சம்மதம் வாங்கும் வழக்கம் அதன் பிறகே தொடங்கியது.

அப்படிக் காட்டியபோதுதான், இருவர் அந்தரத்தில் கைகோக்கும் படத்தின் முன் வீட்டின் மூத்த அம்மா நெடுநேரம் நின்றார். விரல்களை விரல்களோடு பின்னியிருக்கிறார்களே, மணிக்கட்டை மணிக்கட்டல்லவா பிடிக்க வேண்டும் என்று தம் கையால் என் மணிக்கட்டை இறுகப் பற்றிக் காட்டினார். ஓவியர் திருத்த மறுத்தார், அம்மா விடவில்லை. கடைசியில் படம் மாறாமல் தொங்கியது. அதன் அருகே நின்று, வருகிற எல்லோருக்கும் சரியான பிடியைச் செய்து காட்டும் வேலையை அவர் எடுத்துக்கொண்டார்.

விற்பனையில் குடும்பம் பங்கு கேட்கவில்லை. படத்தில் இருப்பவருக்கு அதன் அச்சுப்பிரதி ஒன்று தர வேண்டும், யாருக்கு விற்றோம் என்பதையும் சொல்ல வேண்டும் என்று மட்டும் கேட்டார்கள். இரண்டையும் எழுத்தில் ஒப்புக்கொண்டோம்.