ஒரே பெயரில் ஒன்பது பேர்

கனடாவுக்குப் போனால் ஹாக்கி பார்க்கக் கற்றுக்கொள் என்றுதான் ஊரில் எல்லோரும் சொல்லி அனுப்பினார்கள். எனக்கு வாய்த்தது பேஸ்பால். அதுவும் மைதானத்தில் இல்லை, டிவியில்கூட இல்லை. டொராண்டோவின் ஸ்கார்பரோவில் பக்கத்து வீட்டுக்காரரோடு சேர்ந்து வாசலில் பனி தள்ளுகிற நேரத்தில்தான் அது என்னிடம் வந்து சேர்ந்தது. நவம்பரிலிருந்து மார்ச் கடைசி வரை லீக் ஆட்டம் எதுவும் கிடையாது. அந்த மாதங்களில் பேஸ்பால் பைத்தியங்கள் மனசுக்குள்ளேயே அணி அமைத்துக்கொண்டிருப்பார்கள்.

அவருக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். இத்தாலியிலிருந்து வந்த கொத்தனார் குடும்பத்தில் பிறந்தவர். பெயர் சொல்லியே கூப்பிடு என்றார். அப்பா வயசுக்காரரை எப்படி? ‘சார்’ என்றால் சிரிப்பார். கடைசியில் எந்தப் பெயரும் சொல்லாமலே பேசப் பழகிக்கொண்டேன், புருஷன் பெயரைச் சொல்லாமலே காலம் தள்ளிய நம் பாட்டிமார் மாதிரி.

நான் கிரிக்கெட் பார்க்கிறவன் என்று தெரிந்ததும் அவர் விதிகளை விளக்கவில்லை. ஒரு விளையாட்டைச் சொல்லிக்கொடுத்தார். ஒரே முதற்பெயர் உள்ள ஒன்பது பேரை வைத்து அணி போட வேண்டும். ஒவ்வொருவரும் நிஜத்தில் எந்த இடத்தில் ஆடினாரோ அங்கேதான் நிற்க வேண்டும். நூறு வருஷத்துக்கு முன்னால் ஆடியவரும் இன்றைக்கு ஆடுகிறவரும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கலாம். கேட்பதற்குச் சிறுபிள்ளை வேலையாகத்தான் இருந்தது. ஆனால் கிரிக்கெட்டில் ஃபீல்டரை ஓவருக்கு ஓவர் மாற்றி நிறுத்துகிறோம். இங்கே ஷார்ட்ஸ்டாப் (செகண்ட் பேஸுக்கும் தேர்ட் பேஸுக்கும் நடுவில் நிற்கிற ஃபீல்டர்) என்றால் பெரும்பாலும் வாழ்நாள் முழுக்க அதுதான். அந்த இடத்துக்கு எப்படிப்பட்ட ஆள் வேண்டும் என்பது இந்த விளையாட்டில்தான் எனக்குப் புரிந்தது.

முதலில் அவர் சொன்னது ஜோ அணி. அதில் ஓட்டையே இல்லை. சென்டர் ஃபீல்டில் ஜோ டிமாஜியோ, 1941-ல் தொடர்ந்து 56 ஆட்டங்களில் ஹிட் (அடித்துவிட்டு அவுட் ஆகாமல் பேஸை எட்டுவது) அடித்தவர். செகண்ட் பேஸில் ஜோ மோர்கன், 1975, 1976 இரண்டு வருஷமும் நேஷனல் லீகின் (மேஜர் லீகின் இரண்டு பிரிவுகளில் ஒன்று) எம்விபி, அதாவது அந்த வருஷத்தின் மிக மதிப்புள்ள ஆட்டக்காரர். ஷார்ட்ஸ்டாப் ஜோ க்ரோனின். கேட்சர், அதாவது நம் கீப்பர் மாதிரி பின்னால் உட்கார்ந்து பந்து பிடிப்பவர், ஜோ மாவர். முட்டி போட்டு உட்கார்ந்தே தேய்கிற அந்த வேலையைச் செய்துகொண்டு மூன்று முறை பேட்டிங் பட்டமும் வாங்கியவர். ஜோ டோரியும் கேட்சர்தான், ஆனால் 1971-ல் எம்விபி ஆனது தேர்ட் பேஸில் ஆடி. அதனால் அவரை அங்கே தள்ளிவிடலாம்.

லெஃப்ட் ஃபீல்டில் ‘ஷூலெஸ்’ ஜோ ஜாக்சன். 1919 உலகத் தொடரை (சாம்பியன் யார் என்று முடிவு செய்கிற இறுதித் தொடர்) காசு வாங்கிக்கொண்டு தோற்றதாக எழுந்த வழக்கில் நீதிமன்றம் விடுவித்தும் ஆயுள் தடை பெற்ற எட்டுப் பேரில் ஒருவர். சூதாட்டத் தடை என்றதும் 2000-ம் வருஷத்துக் கிரிக்கெட் மேட்ச் ஃபிக்சிங் என் தலைக்குள் வந்துவிட்டது. இப்படிப்பட்டவரை அணியில் சேர்க்கலாமா என்று கேட்டேன். பிடிக்காவிட்டால் ஜோ மெட்விக்கை எடுத்துக்கொள் என்றார். 1937-ல் மெட்விக் வாங்கிய டிரிபிள் கிரௌனை (பேட்டிங்கின் மூன்று முக்கியக் கணக்கிலும் ஒரே வருஷத்தில் முதலிடம்) நேஷனல் லீகில் அதற்குப் பிறகு யாரும் தொடவில்லை. நான் மெட்விக் பக்கம், அவர் ஜாக்சன் பக்கம். 2025-ல் ஜாக்சன் மீதிருந்த தடையை நீக்கினார்கள். அவர் 1951-லேயே போய்ச் சேர்ந்துவிட்டார்.

ரைட் ஃபீல்டில் ஜோ கார்ட்டர். டொராண்டோவில் அந்த இடத்துக்கு வேறு பெயர் சொன்னால் பேச்சே நின்றுவிடும். 1993 அக்டோபர் 23, ஃபிலடெல்ஃபியாவுக்கு எதிரான ஆறாவது ஆட்டம், ஒன்பதாவது இன்னிங்ஸ், ஒரு ரன் பின்தங்கிய நிலை. கார்ட்டர் அடித்த மூன்று ரன் ஹோம் ரனில் ஆட்டமும் முடிந்தது, உலகத் தொடரும் முடிந்தது. டொராண்டோ அணியான ப்ளூ ஜேஸுக்குத் தொடர்ந்து இரண்டாவது வருஷமாக உலகத் தொடர் வெற்றி. மியாண்டாட் ஷார்ஜாவில் கடைசிப் பந்தில் அடித்த சிக்ஸரைச் சொன்னால் நம்மவர்களுக்குச் சட்டென்று புரியும். அவருக்கு அதைப் புரியவைக்க எனக்கு ஒரு சாயங்காலம் பிடித்தது.

பந்து வீசுகிற இடத்துக்கு வந்தபோதுதான் விளையாட்டு கொஞ்சம் கனமானது. ‘ஸ்மோக்கி’ ஜோ வுட், பாஸ்டன் ரெட் சாக்ஸ், 1912-ல் 34 வெற்றி, 5 தோல்வி. கிட்டத்தட்ட அதே காலத்தில் அதே பட்டப்பெயரோடு இன்னொருவர் இருந்தார்: ‘ஸ்மோக்கி’ ஜோ வில்லியம்ஸ். அவர் கறுப்பர். 1947-ல் ஜாக்கி ராபின்சன் வரும்வரை மேஜர் லீகில் கறுப்பர்களுக்கு இடமில்லை, அதனால் வில்லியம்ஸின் காலம் முழுக்கக் கறுப்பர் அணிகளிலேயே கழிந்தது. 1999-ல் அவரைப் பேஸ்பாலின் பெரிய கௌரவமான ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தார்கள், இறந்து கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு ஆன பிறகு. பக்கத்து வீட்டுக்காரர் யோசிக்காமல் வில்லியம்ஸைத்தான் பிட்சராக நிறுத்தினார். வுட் பெஞ்சில்.

இத்தனை ஜோக்கள் எங்கிருந்து வந்தார்கள்? டிமாஜியோ சிசிலியிலிருந்து வந்த மீனவர் மகன். பிறந்தபோது வைத்த பெயர் ஜூசெப்பே, அப்பாவின் பெயரும் அதேதான். மெட்விக்கின் பெற்றோர் ஹங்கேரியிலிருந்து வந்தவர்கள். க்ரோனின் ஐரிஷ் வம்சம். வந்து இறங்கியவர்களின் பிள்ளைகள் எல்லோரும் ஒரே வாசலில் நுழைந்து ஜோ ஆகிவிட்டார்கள். அப்படி ஆனதால் எல்லாம் சரியாகிவிட்டதா என்றால் அதுவும் இல்லை. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் குடியுரிமை இல்லாத இத்தாலியர்களை எதிரி நாட்டவர் என்று அறிவித்தார்கள். டிமாஜியோவின் அப்பா சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் மீன்பிடிக்கக்கூடப் போக முடியவில்லை. அப்போது நாட்டிலேயே புகழ்பெற்ற ஆட்டக்காரராக இருந்த மகன் 1943-ல் அதே நாட்டின் ராணுவத்தில் சேர்ந்தார். இதைச் சொல்லும்போது மட்டும் பக்கத்து வீட்டுக்காரர் பனி தள்ளுகிற வாரியை ஓரமாக வைத்துவிடுவார்.

எங்களுக்குள் உண்மையான சண்டை ஃபர்ஸ்ட் பேஸில். டொராண்டோவில் பிறந்த ஜோயி வாட்டோ, 2010-ல் நேஷனல் லீக் எம்விபி. ஜோயியும் ஜோவும் ஒன்றா? ஒன்றுதான் என்றார் அவர், எட்டோபிகோவில் வளர்ந்த பையனை வெளியே நிறுத்த அவருக்கு மனசு வராது. அப்படியென்றால், நான் விடவில்லை, ஹோசே பாட்டிஸ்டா? ஹோசே என்பது ஸ்பானிஷ் ஜோதானே? ப்ளூ ஜேஸ் ரசிகர்கள் அவரை ‘ஜோயி பேட்ஸ்’ என்றுதானே கூப்பிட்டார்கள்? 2015 அக்டோபர் 14, டெக்சாஸுக்கு எதிராக ஏழாவது இன்னிங்ஸில் மூன்று ரன் ஹோம் ரன் அடித்துவிட்டு மட்டையைத் தூக்கி எறிந்தாரே, அதுதான் நான் இந்த ஊரில் முதன்முதலாகக் கத்திக் கொண்டாடிய தருணம். அவரைச் சேர்த்தால் கார்ட்டரை என்ன செய்வது என்பதுதான் கேள்வி. இரண்டு பேரும் ரைட் ஃபீல்ட்.

அவர் தீர்ப்புச் சொல்லவில்லை. ஹோசேக்களுக்குத் தனி அணி போடு, அப்புறம் இரண்டையும் மோதவிடலாம் என்றார். போட்டேன். ஃபர்ஸ்ட் பேஸில் கியூபாவின் அப்ரேயு, செகண்டில் வெனிசுவேலாவின் ஆல்டுவே, ஷார்ட்ஸ்டாப்பில் ரெயேஸும் தேர்டில் ரமிரெஸும் டொமினிகன் குடியரசு, கேட்சர் மோலினா, லெஃப்டில் க்ரூஸ், பிட்சர் பெரியோஸ் மூவரும் போர்ட்டோ ரிக்கோ. இதில் பெரும்பாலானோர் என் காலத்தில் ஆடியவர்கள், நானே பார்த்தவர்கள். சென்டர் ஃபீல்ட் மட்டும் இழுத்துக்கொண்டே போயிற்று, கடைசியில் கன்செகோவைப் பிடித்துக் கொண்டுபோய் நிறுத்தினேன். அவர் கிளவ் போட்டு ஃபீல்டிங் செய்த லட்சணம் தெரிந்தவர்கள் மன்னிக்கவும்.

வில்லி அணியும் போட்டுப் பார்த்தோம். வில்லி மேஸ், வில்லி மெக்கோவி, வில்லி ஸ்டார்ஜெல் மூன்று பேரே போதும், அடி நொறுங்கும். ஆனால் சொல்லிக்கொள்ளும்படி ஒரு கேட்சர் எங்களுக்கு அகப்படவில்லை.

உங்கள் ஆட்டத்தில் இதைச் செய்து காட்டு என்று அவர் ஒருநாள் சவால் விட்டார். ஆரம்பத்திலேயே மாட்டிக்கொண்டேன். ரவி அணி: ரவி சாஸ்திரி, சரி. ரவிச்சந்திரன் அஸ்வின்? ஸ்கோர்போர்டில் முதலில் நிற்கிற பெயர் அவருடைய அப்பாவுடையது. முரளி விஜயில் முரளி அப்பா. முத்தையா முரளிதரனில் முத்தையா அப்பா. போதாக்குறைக்கு வாஷிங்டன் சுந்தரில் எல்லாம் தலைகீழ். அங்கே சுந்தர்தான் அப்பா, வாஷிங்டன் என்பது அந்த அப்பாவுக்கு உதவி செய்த பெரியவரின் பெயர். பக்கத்து வீட்டுக்காரருக்குத் தலை சுற்றிவிட்டது.

எனக்கே இந்தச் சிக்கல் தினமும் உண்டு. பாரத்தில் கடைசிப் பெயர் என்ற கட்டத்தில் அப்பா பெயரை எழுதியதால் வங்கியிலும் டாக்டர் வீட்டிலும் மிஸ்டர் போட்டு அப்பாவைத்தான் கூப்பிடுகிறார்கள். திருச்சியில் இருப்பவருக்கு இதைச் சொன்னபோது, அப்படியே கரண்ட் பில்லையும் என் பேரிலேயே கட்டிவிடுவார்களா என்று கேட்டார்.

சரி, ஊரில் எப்படி எழுதுவாய் என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார். இனிஷியல் போட்டு என்றேன், அந்த ஓரெழுத்துக்குள் அப்பா இருக்கிறார் என்றும் விளக்கினேன். உடனே அவர் யூ.எல். வாஷிங்டனை எடுத்துவிட்டார். கான்சாஸ் சிட்டியின் ஷார்ட்ஸ்டாப், வாயில் பல்குச்சியோடு ஆடியவர். அந்த யூவுக்கும் எல்லுக்கும் விரிவே கிடையாது, எழுத்து இரண்டுமே அவர் பெயர். இதை என் அப்பாவிடம் சொல்ல எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

கடைசியில் எங்கள் ஆட்டத்துக்கென்று விதியைத் திருத்திக்கொண்டோம்: பெயர் முன்னால் நிற்கிறதா, பின்னால் நிற்கிறதா என்று பார்க்க வேண்டாம், அம்மா எந்தப் பெயரைச் சொல்லிச் சாப்பிடக் கூப்பிடுவாரோ அதுதான் கணக்கு. அதன்படி இப்போது கார்த்திக் அணி உருவாகிக்கொண்டிருக்கிறது. கீப்பர் தினேஷ் கார்த்திக், இடக்கைச் சுழலுக்கு முரளி கார்த்திக், வேகத்துக்குக் கார்த்திக் தியாகி. தொடக்க ஆட்டக்காரர்கள்தான் கிடைக்கவில்லை. ரஞ்சி வரைக்கும் ஆடியிருந்தாலே போதும் என்று அவரிடம் சலுகை வாங்கி வைத்திருக்கிறேன், யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.