செஞ்சி ராஜகிரி: கல்யாண மகாலைக் கடைசிக்கு வையுங்கள்

செஞ்சிக் கோட்டைக்கு வருகிறவர்களில் பலர் அதன் முக்கியக் குன்றான ராஜகிரியின் உச்சியைப் பார்க்காமலே திரும்புகிறார்கள். காரணம் கால் வலு அல்ல, நேரம். கோட்டைக்குள் காலை 9 மணிக்குத்தான் விடுகிறார்கள். நுழைந்ததும் கண்ணை இழுப்பது கல்யாண மகால் என்ற பல அடுக்குக் கட்டடம். அதைச் சுற்றிவிட்டு, குதிரை லாயம், நெற்களஞ்சியம், உடற்பயிற்சிக் கூடம், யானைக்குளம் என்று ஒரு வலம் வந்தால் மணி பதினொன்று. அதற்குப் பிறகு மலையை அண்ணாந்து பார்க்கும்போது பாறை சுடத் தொடங்கியிருக்கும்.

இந்த வரிசையை அப்படியே திருப்பிப் போடுங்கள். உள்ளே போனதும் எந்தப் பக்கமும் திரும்பாமல் மலைப்பாதையைப் பிடியுங்கள். கீழே உள்ள கட்டடங்களில் நிழல் உண்டு, மதியத்தில் நிதானமாகப் பார்க்கலாம். மலைக்கு அந்த வசதி கிடையாது. பிற்பகல் 3 மணியை ஒட்டி மேலே ஏற விடுவதையும் நிறுத்திவிடுவார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஏறலாம் என்று நினைப்பவர்கள் அங்கேதான் ஏமாறுகிறார்கள்.

ராஜகிரியின் உயரம் சுமார் 240 மீட்டர். படி ஒன்றுக்கு 20 செ.மீ. என்று கணக்குப் போட்டால் 1,200 படிக்குச் சமம். ஆனால் இங்கே படிகள் ஒரே அளவில் இல்லை. சில இடத்தில் சாணுயரம், சில இடத்தில் முழங்கால் உயரம். நடுநடுவே சமதளம், உடனே செங்குத்து. கால் ஒரு தாளத்துக்குப் பழகவே விடாது. மூச்சு வாங்குவது அதனால்தான். பழக்கமில்லாதவர்களுக்கு ஏற ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம், இறங்க ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம் ஆகும். இருபது நிமிட நடைக்கு இரண்டு நிமிட நிற்றல் என்று முதலிலிருந்தே கடைப்பிடியுங்கள். களைத்த பிறகு ஓய்வெடுப்பதைவிடக் களைப்பதற்கு முன் நிற்பது மேல். ரொம்ப நேரம் உட்காராதீர்கள், தொடை இறுகிவிடும்.

மேலே வருபவனைக் களைக்க வைப்பதற்கென்றே அமைந்த வழி இது. வாசலை ஒட்டிப் பாதை மடங்குகிறது. கதவை முட்ட யானைக்கு ஓடிவர இடம் இருக்காது. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன்துர்க்கம் என்ற மூன்று குன்றுகளையும் சுமார் 13 கி.மீ. மதில் முக்கோணமாக இணைக்கிறது. 1677இல் சிவாஜி கைப்பற்றிய இந்தக் கோட்டையில்தான் அவர் மகன் ராஜாராம் பிறகு தஞ்சம் புகுந்தார். 1690இல் முற்றுகையைத் தொடங்கிய முகலாயத் தளபதி சுல்பிகர் கானுக்குக் கோட்டை கிடைத்தது 1698இல். அதற்குள் ராஜாராம் வெளியேறியிருந்தார். இவ்வளவு நீண்ட மதிலை முழுவதுமாக வளைத்து அடைப்பது எளிதல்ல என்பது மேலே நின்று பார்த்தால் புரியும். அதே கோட்டையை 1750இல் பிரெஞ்சுப் படை ஒரே இரவுத் தாக்குதலில் பிடித்தது என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் ஆளுக்கு 3 லிட்டர். இதில் கஞ்சத்தனம் வேண்டாம். 2 லிட்டர் போதும் என்று ஏறுபவர்களுக்கு உச்சியில் தீர்ந்துபோகும். இறங்கும் ஒரு மணி நேரம் வெறும் வாயோடு. ஒரு பாட்டிலிலாவது உப்பும் சர்க்கரையும் கலந்த எலுமிச்சைச் சாறு இருக்கட்டும். வியர்வையில் போகும் உப்பை வெறும் தண்ணீர் ஈடுகட்டாது. கெண்டைக்கால் பிடித்துக்கொள்வது பெரும்பாலும் இறங்கும்போதுதான். தலைசுற்றல், குமட்டல், திடீரென்று குளிர்வது போன்ற உணர்வு, இவற்றில் எது வந்தாலும் உச்சி எவ்வளவு பக்கத்தில் இருந்தாலும் நிழலில் உட்கார்ந்து உடம்பைத் தணித்து, திரும்பிவிடுங்கள்.

குரங்குகள் கூட்டம் கூட்டமாக இருக்கும். அவை பார்ப்பது கையை. தோளில் மாட்டிய பையை அல்ல. பாலித்தீன் பை சலசலத்தாலே வந்துவிடும். தின்பண்டத்தை ஜிப் போட்ட முதுகுப்பையின் அடியில் வையுங்கள், வழியில் பிரிக்காதீர்கள். பிடுங்கினால் விட்டுவிடுங்கள். இழுபறியில் கடி வாங்கினால் அதே நாளில் வெறிநாய்க்கடி தடுப்பூசிக்கு ஓட வேண்டிவரும்.

செருப்பு வேண்டாம். கருங்கல் மேல் பொடி மணல் படிந்த இடங்களில் தேய்ந்த அடிப்பாகம் வழுக்கும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். வடகிழக்குப் பருவமழை விட்டுவிட்டுப் பெய்யும் நவம்பரில் பசுமை கொள்ளை அழகு, ஆனால் ஈரப் படி ஆபத்து. ஏப்ரல், மே மாதங்களில் பெரியவர்களையும் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு ஏறுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

உச்சிக்குச் சற்று முன்பு மலை பிளந்து நிற்கிறது. அகலம் சுமார் 7 மீட்டர், ஆழம் சுமார் 20 மீட்டர். பிளவின் மேல் ஒரு பாலம். அந்தக் காலத்தில் பலகையை இழுத்துவிட்டால் அப்புறம் உள்ளே வர வழியில்லை. செஞ்சி முழுவதிலும் மனத்தில் நிற்கும் இடம் இதுதான். காற்று பலமாக இருக்கும், தொப்பியைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். அப்பால் ரங்கநாதர் கோயில், களஞ்சியம், மணிக்கூண்டு, ஒரு பீரங்கி. அரை மணி நேரமாவது அங்கே இருங்கள். வடக்கே கிருஷ்ணகிரியும் தென்கிழக்கே சந்திராயன்துர்க்கமும் மதில்கோடும் சேர்ந்து வரைபடம் போலத் தெரியும்.

இறங்கும்போது உயரமான படிகளில் நேராகக் குதிக்காமல் உடம்பைச் சற்றுப் பக்கவாட்டில் திருப்பிக் காலை வையுங்கள். முட்டியின் சுமை குறையும். முட்டி வலி உள்ளவர்கள் கைத்தடி எடுத்து வரலாம்.

கிருஷ்ணகிரி திருவண்ணாமலைச் சாலையின் மறுபுறம், வடக்கில். உயரம் குறைவு, கூட்டமும் குறைவு. குவிமாடம் வைத்த தர்பார் மண்டபம் அழகு. ஒரே நாளில் இரண்டும் என்பது நடைப்பயிற்சி உள்ளவர்களுக்கு மட்டும். திண்டிவனத்திலிருந்து செஞ்சி சுமார் 28 கி.மீ.; பேருந்து நிலையத்திலிருந்து கோட்டை மேற்கே 2 கி.மீ. போல, ஆட்டோவில் போய்விடலாம். 2025 ஜூலையில் மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டில் ஒன்றாக யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்துள்ளது. அவற்றில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது செஞ்சி மட்டும்தான். விடுமுறை நாட்களைத் தவிர்க்க முடிந்தால் தவிருங்கள்.

கீழே வந்தபின் கல்யாண மகாலின் குளிர்ந்த உட்புறத்தில் கால் நீட்டி இளைப்பாறிவிட்டு, கோட்டையின் புதுச்சேரி வாசலருகே உள்ள வெங்கடரமணர் கோயிலுக்குப் போங்கள். கோபுர வாசலின் இருபுறமும் ராமாயணச் சிற்பங்கள் இருக்கின்றன. கோயிலுக்குள் வெறிச்சோடிய இடங்களில் நின்றிருந்த ஒற்றைக்கல் தூண்கள் பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் பெயர்த்துக் கொண்டுபோகப்பட்டவை; புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி இன்றும் நிற்கின்றன.