கொடைக்கானல் ஏரி: புறப்படும் முன் சில குறிப்புகள்

கொடைக்கானலுக்குச் செல்லும் நண்பர்கள் பலரும் ஏரியைக் கடைசி நாள் மாலைக்கென ஒதுக்கிவிட்டு, நெரிசலில் அரை மணி நேரம் படகில் சுற்றியதோடு திரும்பிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், ஏரியை முதலில் வைத்துக்கொண்டு மற்றவற்றை அதைச் சுற்றி அமைத்துக்கொள்வதே சரி.

முதலில் பயண ஏற்பாடு. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயமாக்கப்பட்டது. 2025 கோடையில் வார நாட்களில் 4,000, வார இறுதியில் 6,000 வாகனங்கள் என்று எண்ணிக்கைக்கும் வரம்பு விதித்தார்கள். இந்த விதிகள் அவ்வப்போது மாறுவதால், அறை பதிவு செய்வதற்கு முன்பே அரசு இணையதளத்தைப் பார்த்துவிடுவது நல்லது. அரசுப் பேருந்தில் செல்வோருக்கு இந்தக் கவலை இல்லை. பாண்டியன் எக்ஸ்பிரஸில் வந்து கொடைக்கானல் ரோடு நிலையத்தில் இறங்கினால், வத்தலக்குண்டு வழியாக ஏறத்தாழ 80 கிலோமீட்டர் மலைப்பயணம். வளைவுகளில் தலைசுற்றல் வருபவர்கள் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஏற வேண்டாம். ஐந்து லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்கு மலையில் தடை இருப்பதால், வீட்டிலிருந்தே எவர்சில்வர் பாட்டிலில் தண்ணீர் எடுத்துச் செல்லுங்கள்.

ஊருக்கு எட்டு கிலோமீட்டர் முன்னால் வரும் வெள்ளி நீர்வீழ்ச்சியில் எல்லோரும் இறங்கிப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். அங்கே விழுவது ஏரியிலிருந்து வழிந்து வரும் நீர்தான் என்பதைப் பலர் அறிவதில்லை.

மதுரை ஆட்சியராக இருந்த வேர் ஹென்றி லெவிஞ்ச், 1863-ஆம் ஆண்டு ஓடைநீரைத் தடுத்து உருவாக்கிய செயற்கை ஏரி இது. நட்சத்திர வடிவம் என்று சொல்வார்கள். ஆனால் கரையில் நிற்பவருக்கு அந்த வடிவம் தெரியாது. ஒவ்வொரு கிளையாக உள்ளே வளைந்து மீண்டும் வெளியே வரும் ஏரிச்சாலையில் நடக்கும்போதுதான், சற்று முன் எதிர்க்கரையில் பார்த்த மரத்தடிக்கே இப்போது வந்து நிற்கிறோம் என்பது புரியும். சுற்று ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர். காலை ஆறு மணிக்குத் தொடங்கினால், நீர்மேல் படிந்த பனிமூட்டம் மெல்லக் கலைவதைப் பார்த்தபடியே ஒன்றரை மணி நேரத்தில் நிதானமாக முடித்துவிடலாம். ஒன்பது மணிக்கு மேல் வாடகை சைக்கிளும் குதிரையும் காரும் ஒரே சாலையை நிறைத்துவிடும். சிறு பிள்ளைகளுடன் வருபவர்கள் படகுச் சவாரியையும் வார நாள் காலையிலேயே முடித்துக்கொண்டால் வரிசையில் நிற்க வேண்டியிருக்காது. சைக்கிள் எடுப்பதற்கு முன் பிரேக்கை அழுத்திப் பார்த்துக்கொள்ளுங்கள்; ஒருமுறை நான் பார்க்காமல் எடுத்து, ஓர் இறக்கத்தில் காலைத் தரையில் தேய்த்துத்தான் நிறுத்தினேன்.

ஏரிக்கு அருகிலேயே இருக்கும் பிரையண்ட் பூங்காவுக்கு நடந்தே போய்விடலாம். மே மாதத்தில் மலர்க் கண்காட்சி அங்கேதான் நடக்கும். ஆனால் மே மாத வார இறுதிகளில் ஏழு ரோடு சந்திப்பைக் கடப்பதற்கே பொழுது போய்விடுகிறது. ஜனவரி, பிப்ரவரியில் குளிர் கடுமையானாலும் வானம் தெளிவாக இருக்கும். எனக்குப் பிடித்த மாதங்கள் அவையே. வடகிழக்குப் பருவமழை தீவிரமாக இருக்கும் அக்டோபர், நவம்பரில் மலைப்பாதையில் மண்சரிவு ஏற்படக்கூடும் என்பதால் வானிலை அறிவிப்பைப் பார்த்துவிட்டே புறப்பட வேண்டும்.

இருட்டிய பிறகு ஏரிச்சாலையில் தனியாக நடக்க வேண்டாம். காட்டுமாடுகள் ஊருக்குள் சர்வசாதாரணமாக வருகின்றன. எதிரே கண்டால் செல்போனை நீட்டாமல், அது வழிவிடும் வரை தள்ளி நில்லுங்கள்.