செல்வராஜ் மட்டும் 11 பேர்

மார்த்தாண்டம் பக்கம் ஒரு ரப்பர் கடையில் கணக்கு பார்க்கிறேன். போன வருஷம் எங்களிடம் ரப்பர் ஷீட் விற்ற ஒரு செல்வராஜுக்குப் போக வேண்டிய பணம் வேறொரு செல்வராஜின் கணக்குக்குப் போய்விட்டது. அவர் நல்ல மனுஷர், இரண்டே நாளில் திருப்பித் தந்தார். முதலாளி பார்த்த பார்வைதான் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

ஜூன் மழையில் பால்வெட்டு நின்று கடை காலியானதும் ஷீட் விற்பவர்களின் பட்டியலைத் திறந்தேன். செல்வராஜ் மட்டும் 11. ஆளை எண்ணினால் 7தான். இங்கிலீஷில் ஒரே ஆள் ஒருமுறை ‘வி’, இன்னொருமுறை ‘டபிள்யூ’. இனிஷியலும் கைகொடுக்கவில்லை. எடை போடும் அண்ணனைக் கூப்பிட்டேன். “இது புளியவிளை, இது பாறவிளை. வீட்டுப்பேர் இல்லாம நம்ம ஊர்ல ஆளத் தேடுவாங்களா?” என்றார். வீட்டுப்பேருக்கென்று தனிக் கட்டம் போட்டேன்.

சரக்கிலும் அதே கூத்து. புகை போட்ட ஷீட்டில் ஒரு தரத்துக்கே ‘ஆர்எஸ்எஸ் 4’, ‘4ம் நம்பர்’, ‘நாலு’ என்று மூன்று பேர். இருப்பு எப்படி ஒத்துப்போகும்? பாறசாலை வியாபாரிகளின் ஜிஎஸ்டி எண் கேரளத்தின் 32-ல் தொடங்கும், நம்முடையது 33. அதைத் தவறாக ஏற்றினால் மாநிலம் தாண்டும் விற்பனைக்கான ஐஜிஎஸ்டி போட வேண்டிய பில்லில், மாநிலத்துக்குள் விற்பனைக்கான சிஜிஎஸ்டியும் எஸ்ஜிஎஸ்டியும் விழும்.

இதெல்லாம் சுலபம். யார் திருத்தலாம் என்பதில்தான் சண்டை. ஒரே பாஸ்வேர்டு 4 பேர் கையில் இருந்தது. இனி பாஸ்புக்கைப் பார்த்து வங்கி எண்ணை நான் மாற்றுவேன், முதலாளி ஒப்புதல் தரவேண்டும் என்றேன். “எங்க கடையில நானே மாத்தக்கூடாதா?” என்று முதலாளி மகன் ஒரு வாரம் முகம் கொடுக்கவில்லை. ஆடிட்டர்தான் பேசி முடித்தார். இதற்குப் பேர் ‘டேட்டா கவர்னன்ஸ்’, பெரிய கம்பெனிகளில் ‘டேட்டா ஸ்டீவர்ட்’ என்று இதற்கே ஆள் உண்டு என்றார். சம்பளம் எவ்வளவு என்று கேட்க நினைத்தேன், முதலாளி பக்கத்தில் இருந்தார்.

அவர் சொல்லித்தான் வாட்ஸ்அப் குரூப்பில் கிடந்த ஆதார் படங்களை அழித்தோம். 2023-ல் வந்த தனிநபர் தரவுச் சட்டத்தைக் காட்டினார். பாதுகாப்பில் கோட்டைவிட்டால் அபராதம் 250 கோடி வரை போகலாமாம். அந்தத் தொகை எங்கள் கடைக்கில்லை என்று சிரித்தாலும் முதலாளி அன்றைக்கே போனை எடுத்தார். அந்த வேகத்தில் பழைய பில்களையும் கிழிக்கப் போனார், ஓடிப்போய்த் தடுத்தேன். வருடக் கணக்கு தாக்கல் செய்யவேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதம் ஜிஎஸ்டி கணக்கை வைத்திருக்க வேண்டும்.

எடை அண்ணன் மட்டும் இன்னும் நோட்டை விடவில்லை. அதில் போன் நம்பர் கிடையாது, வீட்டுப்பேரும் கிலோவும்தான். சாயங்காலம் அதை வாங்கி வைத்துக்கொண்டுதான் என் பட்டியலைச் சரிபார்க்கிறேன்.